குண்டுக்குச் சட்டை தைக்கும் முன்

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் ஒரு சாரார், சுடுவதற்கான குண்டைக் கடையில் வாங்காமல் வீட்டுக் கார் கொட்டகையில் தாங்களே செய்துகொள்கிறார்கள். இதற்கு ஸ்வேஜிங் என்று பெயர். ஈயத்தை உருக்கி வார்ப்பதில்லை. பச்சை ஈயத்தையே இரும்பு அச்சில் வைத்து, கை நெம்புகோலால் அழுத்தி, மேலே செம்பிலோ பித்தளையிலோ ஒரு சட்டை போட்டு, முனையைக் கூராக்கி எடுப்பது. சட்டப்படி சரியான, பழைய கைத்தொழில். இதைத் தொடங்க நினைப்பவர்களுக்குச் சொல்லப்படும் உபதேசத்தில் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வரும். "காசு மிச்சம்." "கடை மூடினாலும் கவலையில்லை." "உருக்குவதில்லை, அதனால் பாதுகாப்பு." இந்த மூன்றும் தவறு என்பது என் கட்சி. முதல் இரண்டு தவறுகளால் பணம் போகும், போகட்டும். மூன்றாவதால் குழந்தைகள் கெட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன்.

"துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத ரிட்டயர்டு குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் மாப்பிள்ளை ஓரிகன் மாநிலத்தில் இருக்கிறார். அலுவலக நண்பர்களோடு அந்த மாநிலத்தின் கிழக்குப் பகுதிக்குப் போய், விவசாயிகளின் குதிரைமசால் வயல்களைப் பாழாக்கும் தரை அணில்களைச் சுடுவது அவர்களுக்கு வசந்த காலப் பொழுதுபோக்கு. அந்த நண்பர்களில் ஒருவர் இந்தக் கைத்தொழிலில் இறங்கி, மாப்பிள்ளையையும் இழுத்தார். "மாமா, நீங்கதான் கணக்கு வழக்கு பார்க்கிறவராச்சே, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க" என்று விலைப்பட்டியல், குறிப்புப் புத்தகம் எல்லாவற்றையும் என் முன் வைத்தார். முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவர் எழுதிய செலவுக் கணக்கைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். படித்தேன். குண்டு சுடத் தெரியாதவனுக்கும் கூட்டல் கழித்தல் தெரியும்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். தோட்டா என்பது முழுப் பொட்டலம். அதில் பித்தளைக் கூடு, அடியில் நெருப்புப் பொறி தரும் சிறு மூடி, உள்ளே மருந்து, முனையில் குண்டு என்று நான்கு சாமான்கள் இருக்கின்றன. பறந்து போவது குண்டு மட்டும்தான். நாம் பேசுவது அந்த ஒன்றைப் பற்றி. ஆங்கிலத்தில் ஜாக்கெட் போட்ட குண்டு என்பார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இது 'பால் ஷெமிஸே', அதாவது சட்டை போட்ட குண்டு. ஷெமீஸ் என்றால் சட்டை. ஈயத்தின் உடம்பை ஒட்டிப் பிடித்திருப்பதால், கோட்டை விடச் சட்டை என்பதே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

சட்டை ஏன் வந்தது? பழைய துப்பாக்கிகளுக்கு வெறும் ஈயம் போதும். வேகம் கூடக் கூட, மெத்தென்ற ஈயம் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டது, வரிப்பள்ளங்களைப் பிடிக்காமல் வழுக்கியது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் என்ற ராணுவ அதிகாரி 1882-ல் செம்புச் சட்டை போட்ட குண்டைக் கொண்டுவந்தார். 1884-ல் பிரான்சில் போல் வியேய் புகையில்லாத மருந்தைக் கண்டுபிடித்தார். இரண்டு வருஷம் கழித்து வந்த லெபெல் துப்பாக்கிக்குச் சட்டை இல்லாத ஈயக் குண்டு சரிப்படாது என்று ஆகிவிட்டது. ஆக, சட்டை வந்தது வேகத்துக்காக. கருணைக்காக அல்ல. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதச் சாலையில் ஆங்கிலேயர்கள் அந்தச் சட்டையின் முனையைத் திறந்துவிட்டு, உடம்பில் பட்டதும் விரியும் குண்டு செய்தார்கள். 1899-ல் ஹேக் மாநாட்டுப் பிரகடனம் அதைப் போரில் தடை செய்தது. வேட்டையிலோ கதை தலைகீழ். முழுச் சட்டை போட்ட குண்டு விலங்கைத் துளைத்துக்கொண்டு போய்விடும், அது காயத்தோடு ஓடிப்போய்ச் சாகும் என்று, பெரிய விலங்கைச் சுட விரியும் குண்டுதான் வேண்டும் என்கின்றன பல அமெரிக்க மாநிலங்கள்.

இந்தக் கைத்தொழில் வீட்டுக்குள் வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் செம்பும் ஈயமும் படைக்குப் போயின, வேட்டைக்காரர்களுக்குக் குண்டு கிடைக்கவில்லை. கலிபோர்னியாவில் ஓரோவில் என்ற ஊரில் பிரெட் ஹண்டிங்டன் என்பவர் 1943-ல் ஒரு வழி செய்தார். சுட்டபின் தரையில் கிடக்கும் சின்ன இருபத்திரண்டு தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, அதன் அடி விளிம்பை நீட்டிச் சமமாக்கி, அதையே சட்டையாக்கி உள்ளே ஈயத்தை அழுத்தினார். மேற்குப் பகுதியில் ராக் சக் என்று சொல்லும் மர்மோத் என்ற பிராணியைச் சுட அந்தக் குண்டு. அதனால் அச்சுக்கு 'ராக் சக் புல்லட் ஸ்வேஜ்' என்று பேர் வைத்தார். இன்று உலகம் முழுக்க விற்கும் ஆர்.சி.பி.எஸ். என்ற கம்பெனியின் நான்கு எழுத்தும் அதுதான். குப்பையிலிருந்து குண்டு! போர்க்காலத்தில் அது மெச்சத்தக்க சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியத்தின் பேரைச் சொல்லித்தான் இன்றும் இளைஞர்களைக் கூப்பிடுகிறார்கள்.

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டைக் கழுவி, விளிம்பை நீட்டி, சூடுகாட்டி மென்மையாக்கி, சட்டை தயார் செய்ய வேண்டும். ஈயக் கம்பியை அளவாக வெட்டி, ஒரு அச்சில் அழுத்த வேண்டும். அதிகப்படி ஈயம் சிறு துளை வழியே நூல் போலப் பிதுங்கி வெளியே வரும், எல்லாத் துண்டும் ஒரே எடையாகும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவிய அந்தத் துண்டைச் சட்டைக்குள் வைத்து அழுத்தினால் ஈயம் விரிந்து சட்டையை இறுகப் பிடிக்கும். கடைசி அச்சு முனையைக் கூராக்கும். இதில் ஒரே ஒரு தத்துவம். ஒவ்வொரு அச்சும் உள்ளே போகும் பொருளைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும், பொருள் விரிந்து அச்சை நிரப்ப வேண்டும். சுருக்கிச் செய்தால் பித்தளை கொஞ்சம் பின்வாங்கி விரியும், ஈயம் அப்படி விரியாது, உடம்பும் சட்டையும் பிரிந்து ஆடும். பிரெஞ்சில் அச்சில் அழுத்தி வடிப்பதை 'எஸ்தாம்பாழ்' என்பார்கள். கல்வெட்டின் மேல் ஈரக் காகிதத்தை அழுத்திப் படியெடுப்பதற்கும் எங்கள் ஊரில் அதே சொல்தான். நல்ல வேலை, நுணுக்கமான வேலை. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை முதல் வாக்கியத்தில் தொடங்குகிறது. காசு மிச்சமாம்.

அச்சுத் தொகுதி, அழுத்தும் எந்திரம், ஈயம் வெட்டும் கத்தரி, தராசு, நுண் அளவி எல்லாம் சேர்ந்தால் ஆயிரம் டாலரை எளிதில் தாண்டும். பேச்சுக்கு 1,200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சட்டை குப்பையில் கிடைக்கிறது, ஈயத்துக்கு மட்டும் காசு, ஆகவே கடைக் குண்டைவிட ஒன்றுக்கு 15 சென்ட் மிச்சம் என்றும் வைத்துக்கொள்வோம். போட்ட முதல் திரும்ப 8,000 குண்டு செய்ய வேண்டும். கழுவுவது, வெட்டுவது, நான்கு முறை நெம்புகோலை இழுப்பது எல்லாம் சேர்த்து ஒரு குண்டுக்கு இரண்டே நிமிஷம் என்று தாராளமாகக் குறைத்துப் போட்டாலும் 16,000 நிமிஷம். அதாவது 266 மணி நேரம். வாரம் ஒரு சனிக்கிழமை ஆறு மணி நேரம் உட்கார்ந்தால் 44 சனிக்கிழமைக்கு மேல். ஒரு வருஷத்துச் சனிக்கிழமைகளில் பெரும்பகுதி போச்சு. அதுவும் முதலைத் திரும்ப எடுக்க மட்டும், லாபத்துக்கு அல்ல. மாப்பிள்ளையிடம் கேட்டேன், வருஷத்துக்கு எத்தனை சுடுகிறீர்கள் என்று. ஐந்நூறு இருக்கும் என்றார். அப்படியானால் முதல் திரும்பப் பதினாறு வருஷம். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு கொள்முதல் முன்மொழிவு வந்திருந்தால் மேலதிகாரி அதைப் படித்துவிட்டுச் சிரித்திருப்பார், கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

"மாமா, நேரத்துக்கு விலை போடக்கூடாது, இது ஹாபி" என்றார். சரி, ஹாபி என்றால் ஹாபி என்று சொல்லுங்கள். தச்சு வேலை கற்பவன் நாற்காலி விலை குறையும் என்று கற்பதில்லை. மிச்சம் என்ற சொல்லைப் போட்டு விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். மிச்சம் என்று நம்புகிறவன் மிச்சம் காட்டுவதற்காகவே அதிகமாகச் செய்வான், அவசரமாகச் செய்வான், கையுறைக்கும் துடைப்புத்தாளுக்கும் கணக்குப் பார்ப்பான். அங்கேதான் ஆபத்து வருகிறது.

இரண்டாவது வாக்கியம்: கடை மூடினாலும் கவலையில்லையாம். மேலே சொன்ன நான்கு சாமான்களில் வீட்டில் செய்வது ஒன்றைத்தான். பித்தளைக் கூட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம், அதுவும் சில தடவைதான். மருந்தையும் பொறி மூடியையும் யாரும் கார் கொட்டகையில் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. 2020-ல் பெருந்தொற்று வந்தபோது அமெரிக்கா முழுவதும் முதலில் காணாமல் போனது அந்தப் பொறி மூடிகள்தான். ஒன்றிரண்டு வருஷத்துக்கு அது அரிதாகவே கிடைத்தது. பெட்டி பெட்டியாகச் சொந்தக் குண்டு வைத்திருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அடுப்பு இல்லாத வீட்டில் அம்மி நன்றாக இருந்து என்ன பயன்? 1943-ல் ஹண்டிங்டனுக்குக் குறைந்தது குண்டு, ஆகவே குண்டு செய்தார். இன்று குறைவது வேறு. பழைய பஞ்சத்தின் மருந்தைப் புதுப் பஞ்சத்துக்குக் கொடுக்கிறார்கள்.

இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன். உருக்குவதில்லை, புகை இல்லை, ஆகவே பாதுகாப்பு.

ஈயம் உருகுவது 327 டிகிரியில். கையால் அழுத்தும்போது அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் ஈயம் உடம்புக்குள் போக மூக்கு மட்டுமா வழி? வாய் ஒன்று இருக்கிறதே. கம்பியை வெட்டும்போது துகள் விழுகிறது. விரலில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டுகிறது. அந்த விரல் காபிக் குவளையைப் பிடிக்கிறது, கதவுக் கைப்பிடியைத் தொடுகிறது, குழந்தையைத் தூக்குகிறது. செருப்பில் ஒட்டிய துகள் கூடத்துக் கம்பளத்துக்கு வருகிறது, தவழும் குழந்தை கையை அந்தக் கம்பளத்தில் ஊன்றி, அதே கையை வாயில் வைக்கிறது. சுட்ட பித்தளைக் கூட்டிலோ இன்னொரு ரகசியம். அந்தச் சின்னத் தோட்டாவில் பொறி தரும் மருந்து அடி விளிம்புக்குள்ளேயே தடவியிருக்கும். பெரும்பாலும் அது ஈயம் கலந்த கூட்டுப்பொருள். சுட்டபின் அதன் கரி உள்ளே பொடியாக ஒட்டியிருக்கும். கூட்டைக் குலுக்கிச் சுத்தம் செய்யும்போது கிளம்பும் தூசி அதுதான். ஆக, உருக்காமலே ஈயத்தூசி, அதுவும் மூக்குக்கு எட்டும் தூசி. பொறுக்கிய கூடுகளில் சுடாத தோட்டா ஒன்று கலந்திருந்து அதைச் சூடுகாட்டினால் என்னாகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஹில்ஸ்பரோவில் அந்த நண்பரின் கொட்டகையை நானே பார்த்தேன். எந்திரம் துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில். மேஜையில் வெட்டிய ஈயத் துண்டுகள், அதே மேஜையில் பிஸ்கட் பொட்டலம். அவருடைய மூன்று வயதுப் பெண் உள்ளே வந்து, மினுமினுக்கும் குண்டு ஒன்றைக் கையில் எடுத்து, "பாட்டரி" என்று சொல்லிச் சிரித்தது. அவர் பாசத்தோடு அதை வாங்கி வைத்துவிட்டு, கையைக் கழுவாமல் அவளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். நல்ல மனிதர். குழந்தையை உயிராக நினைப்பவர். "குழந்தைக்கு இரத்தத்தில் ஈயம் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "அங்கிள், இதில் உருக்குவதே இல்லையே, புகைக்கு இடமே இல்லை" என்றார். படித்ததை அப்படியே ஒப்பித்தார். அந்த ஒரு வாக்கியம் ஒரு நல்ல தகப்பனை எப்படிக் குருடாக்கியிருக்கிறது பாருங்கள்.

குமாஸ்தா கணக்கு ஒன்று போடுகிறேன். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் 2021-ல் குழந்தைகளுக்கு வைத்த கவனிக்கத்தக்க அளவு, நூறு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம். இதற்குக் கீழே இருந்தால் பாதுகாப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூன்று வயதுக் குழந்தைக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் இரத்தம். ஆக, 35 மைக்ரோகிராம் ஈயம் இரத்தத்தில் இருந்தாலே எச்சரிக்கைக் கோடு. 55 கிரெய்ன் குண்டு என்றால் மூன்றரை கிராம் சொச்சம், அதில் ஈயம் மட்டும் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஒரு குண்டின் ஈயத்தில் எண்பதாயிரத்தில் ஒரு பங்குதான் அந்த 35 மைக்ரோகிராம். விழுங்கியது எல்லாம் இரத்தத்துக்குப் போகாது, உண்மை. ஆனால் வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிடக் குழந்தைகள் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்கிறார்கள். போட்ட முதல் திரும்ப 8,000 குண்டு என்றேனே, அது 28 கிலோவுக்கு மேல். அதில் பெரும்பகுதி ஈயம். அவ்வளவும் வெறும் விரல் வழியாக அந்தக் கொட்டகையைக் கடந்தாக வேண்டும்.

இரத்தத்தில் உள்ள ஈயம் சில மாதங்களில் குறையும். எலும்பில் போய் உட்கார்ந்தது பல பத்தாண்டுகள் இருக்கும். குழந்தையின் மூளையில் அது செய்த சேதத்துக்கு மருந்து இல்லை. காய்ச்சல் வராது, வாந்தி வராது. பள்ளிக்கூடத்தில் கவனம் இல்லை, படிப்பு ஏறவில்லை என்பார்கள், அவ்வளவுதான். குழந்தைமேல் பழி விழும். பிரெஞ்சில் ஈய நஞ்சேற்றத்துக்கு 'சாத்தூர்னிஸ்ம்' என்று பெயர். பழைய ரசவாதிகள் ஈயத்தைச் சனிக் கிரகத்தின் உலோகம் என்றார்கள், அதிலிருந்து வந்தது. நமக்குச் சனிக்கு இரும்பு, அவர்களுக்கு ஈயம். எதுவானாலும் சனி பிடித்தால் லேசில் விடாது என்பதில் இரண்டு ஊரும் ஒத்துப்போகிறது.

வீட்டுக்கு வெளியேயும் பாருங்கள். இந்தத் தோட்டாக் கூட்டுச் சட்டை மெல்லியது. வேகமாகப் போய்ப் பட்டதும் வெடித்துச் சிதறும். அணில் உடனே செத்துப்போகும், குண்டு தெறித்துத் திரும்பாது என்று அதையே பெருமையாகச் சொல்கிறார்கள். சிதறிய ஈயம் எங்கே போகிறது? அணிலின் சதைக்குள். சுட்ட அணிலை யாரும் எடுத்துப் போவதில்லை, வயலிலேயே கிடக்கும். பருந்தும் கழுகும் அதைத் தின்னும், தம் குஞ்சுக்கும் கொண்டுபோகும். கலிபோர்னியாவின் காண்டர் என்ற பெரிய கழுகினம் 1982-ல் மொத்தமே 22 ஆகக் குறைந்தது. 1987-ல் காட்டில் மிச்சமிருந்ததையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனம் பெருக்கித் திரும்ப விட்டார்கள். விட்ட பறவைகளை அதிகமாகக் கொல்வது ஈயம். கலிபோர்னியா 2013-ல் சட்டம் போட்டு, 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டையே ஒழித்தது. "ஈயம் இல்லாமல் குண்டா?" என்று இவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். 1898-லேயே பிரெஞ்சுப் படை லெபெல் துப்பாக்கிக்குக் கொண்டுவந்த 'பால் தே' முழுக்கப் பித்தளை. உடம்பும் சட்டையும் ஒன்றே, ஈயமே கிடையாது. ஒரு பெரிய யுத்தத்தையே அதை வைத்து நடத்தினார்கள்.

நம் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு விஷயம். அமெரிக்க மத்தியச் சட்டத்தில் 'அம்யூனிஷன்' என்றால் முழுத் தோட்டா மட்டும் அல்ல. கூடு, பொறி மூடி, மருந்து, குண்டு ஒவ்வொன்றும் தனித்தனியே அதில் அடங்கும். தன் உபயோகத்துக்குச் செய்ய மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டாம். பத்து டாலருக்கு நண்பருக்கு விற்கும் வியாபாரத்தில் இறங்கினால் உற்பத்தியாளர் லைசென்ஸ் வேண்டும். இன்னொன்று: வேலை விசா, படிப்பு விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ அம்யூனிஷனோ வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. என் மாப்பிள்ளைக்குக் கிரீன் கார்டு இருக்கிறது, அவருக்கு இது பொருந்தாது. எச்1பி-யில் இருக்கும் பையன் ஒருவன், 'வெறும் ஈயத்துண்டுதானே' என்று நண்பன் கொட்டகையில் செய்து ஒரு டப்பா வீட்டுக்குக் கொண்டுபோனால் அது விளையாட்டுச் சாமான் அல்ல, குற்ற வழக்கு. எந்தத் தொடக்க உபதேசத்திலும் இந்த வரி இல்லை. அச்சை ஊருக்குக் கொண்டுவரலாம் என்ற நினைப்பும் வேண்டாம். நம் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் அதைச் செய்யும் இயந்திரத்தையும் சேர்த்தே அம்யூனிஷன் என்கிறது. லைசென்ஸ் இல்லாமல் செய்தால் தண்டனை, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஏழு வருஷத்தில் தொடங்கி ஆயுள் வரை.

எதிர்க்கட்சிக்கு உரியதையும் கொடுத்துவிடுகிறேன். இந்தத் தொழிலில் உண்மையான பெருமை ஒன்று இருக்கிறது. துல்லியம். மேஜைமேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்து, ஐந்து குண்டையும் ஒரே துளையில் செலுத்தப் போட்டி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பி வாங்கும் குண்டுகளைப் பெரிய தொழிற்சாலை செய்வதில்லை, தனி மனிதர்கள் இதே மாதிரிக் கை எந்திரத்தில் ஒவ்வொன்றாக அழுத்தி எடுக்கிறார்கள். மனிதக் கை எந்திரத்தை வென்ற இடம் அது. அந்த ஆசை இருப்பவன் செய்யட்டும். கடையில் கிடைக்காத அபூர்வ அளவுள்ள பழைய துப்பாக்கி வைத்திருப்பவனும் செய்யட்டும். அவர்களுக்குக் காசு மிச்சம் என்ற பொய் தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே தொடங்குபவனுக்குச் சொல்ல வேண்டிய வரிசையே வேறு. முதலில் வீட்டில் உள்ள எல்லோருக்கும் இரத்தத்தில் ஈயம் பார்த்து எண்ணை எழுதி வை. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார். ஏறியிருந்தால் நெம்புகோலை நிறுத்து. இரண்டாவது, இடம். துணி துவைக்கும் இடமும் சாப்பிடும் இடமும் குழந்தை நடமாடும் இடமும் அல்லாத, பூட்டக்கூடிய தனி அறை. அதற்கென்று தனிச் செருப்பு, தனிச் சட்டை. குண்டுக்குச் சட்டை போடுகிறவன் தனக்கும் ஒன்று போட்டுக்கொள்ளட்டும். தரையைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதே, ஈரத்துணியால் துடை. சாதாரண சோப்பு ஈயத்தை முழுக்கப் போக்காது, அதற்கென்றே விற்கும் துடைப்புத்தாளும் சோப்பும் வாங்கு. மூன்றாவது, கூட்டை உலர்ந்த பொடியில் குலுக்காமல் தண்ணீரில் கழுவு, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே சூடுகாட்டு. நான்காவது, சட்டம். ஐந்தாவதாகத்தான் அச்சும் எந்திரமும். முதல் நான்குக்கும் பணமும் பொறுமையும் இல்லாதவன் ஐந்தாவதை வாங்கக் கூடாது. அவன் கடையில் ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளட்டும், ஈயமில்லாத செம்புக் குண்டாகப் பார்த்து.

"இவ்வளவு சொன்னால் யாருமே தொடங்க மாட்டார்களே" என்று அந்த நண்பர் என்னிடம் குறைப்பட்டார். தொடங்காவிட்டால் என்ன நஷ்டம், யாருக்கு நஷ்டம் என்று திருப்பிக் கேட்டேன். அச்சு விற்பவருக்கு நஷ்டம். வேறு யாருக்கும் இல்லை. மாப்பிள்ளை இன்னும் வாங்கவில்லை. தோட்டத்துக் கொட்டகையைத் தனியறையாக்க என்ன செலவாகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அதைச் செய்துவிட்டு வாங்கினால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நண்பர் மட்டும் கடைசியில் பெண்ணை மருத்துவரிடம் அழைத்துப் போகச் சம்மதித்தார். ஒரு குத்து, இரண்டு சொட்டு இரத்தம், ஒரு எண். அந்த எண் என்ன என்று நான் கேட்கவில்லை, அது அவர்கள் வீட்டு விஷயம். ஆனால் குண்டு செய்யத் தொடங்கும் எந்த வீட்டின் நோட்டுப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் எழுத வேண்டிய எண் அதுதான். எடையும் விட்டமும் இரண்டாம் பக்கத்திலிருந்து எழுதிக்கொள்ளலாம்.